மூளை வளர்ப்பு

அதற்கு வலிக்குமா? டாக்டரிடம் கேட்டேன், ஆராய்ச்சி செய்யும் பெண்ணிடம் கேட்டேன், என் கணவரிடமும் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். எதுவும் என் மனதில் ஒட்டவில்லை.

‘அது’ என்று நான் சொல்வது, என் மகளின் தோலிலிருந்து எடுத்த செல்லைக் கொண்டு பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வளர்த்திருக்கும் மூளைத் திசுவை. மிளகளவு இருக்குமாம். ஒரு தட்டில், இளஞ்சூட்டில், சத்து நீரில் மிதக்கிறதாம்.

என் மகளுக்கு நான்கு வயது. பேச்சு வரவில்லை. பிடித்துக்கொண்டு நிற்பாள். வலிப்பு வரும். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எங்கள் சங்கரன்கோவிலில் ஒரே பெயர்தான்: மூளை வளர்ச்சி இல்லாத பிள்ளை. ரேஷன் கடை வரிசையிலும் பஸ்ஸிலும் அதைத்தான் சொல்வார்கள். கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. வீட்டு அடையாளம் சொல்வதுபோலச் சொல்வார்கள். ‘அந்த மூளை வளர்ச்சி இல்லாத பிள்ளை இருக்குல்லா, அந்த வீட்டுக்கு எதுத்தாப்புல.’

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில்தான் அவளுக்கு இருப்பது மரபணுக் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள். அரிதானது, இதற்கென்று மருந்து இல்லை என்றார்கள். அதே மூச்சில் ஓர் ஆய்வு பற்றியும் சொல்லி, தமிழில் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். தலைப்பு: ‘மூளைத் திசு வளர்ப்பு ஆய்வுக்கான ஒப்புதல்.’

நான் பி.காம். படித்தவள். ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து, தாளைப் பிடுங்கி வாயில் வைக்கப் பார்த்த மகளின் கையை விலக்கிக்கொண்டே முழுதும் வாசித்தேன். இது சிகிச்சை அல்ல என்று அதில் இருந்தது. விளக்கிச் சொன்ன ஆஸ்பத்திரி அம்மாவும் அதையேதான் சொன்னார். ஆனால் வளர்ச்சி இல்லை, வளர்ச்சி இல்லை என்று கேட்டுக் கேட்டுப் புளித்த காதுக்கு, மூளையை வளர்க்கிறோம் என்று ஒருவர் அச்சடித்துக் கொடுத்தால் மற்றதெல்லாம் எப்படி விழும்? அந்தத் தலைப்பை எழுதியவர் எங்கள் தெருவில் அரை நாள் நின்றிருந்தால் வேறு வார்த்தை தேடியிருப்பார்.

கை மேல்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, கடுகளவு தோலை எடுத்தார்கள். அவள் அழவில்லை. “சமத்துப் பாப்பா, ஊசிக்குக்கூட அழல பாருங்க” என்றார் நர்ஸ். அவள் எதற்கும் அழமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். முன்பொரு முறை பாதத்தில் முள் ஏறிச் சீழ் வைத்திருந்தது. குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன். அதுவரைக்கும் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இந்தப் பிள்ளைகளுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று ஒரு டாக்டர் அப்போது சொன்னார். பிறகு நான் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன். வலித்தால் இடது கை கட்டைவிரலை மடக்கி உள்ளே வைத்துக்கொள்வாள். மதுரையில் அன்றைக்கும் மடக்கித்தான் வைத்திருந்தாள்.

என் மாமியார் இந்த விஷயத்தைக் கரிவலம்வந்தநல்லூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார். “பிள்ளைக்கு மூளை வளக்காவளாம். வளந்ததும் கொண்டாந்து வச்சிருவாவ.” பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போடும்போதெல்லாம், “மைனி, வளந்துட்டா?” என்று என்னைக் கேட்பாள். அவரைக்கொடி போட்ட வீட்டில் கேட்பதுபோல. முதலில் நானும் விளக்கிச் சொன்னேன். பிறகு விட்டுவிட்டேன். மகளுக்குத் தலை வாரும்போது, வளர்ந்ததும் கொண்டுவந்து வைத்துவிடுவார்களோ என்று எனக்கே நினைப்பு வரும். வாரிய கையாலேயே அதைத் தள்ளிவிடுவேன்.

போன மாதம் பெங்களூரிலிருந்து போன் வந்தது. ஆராய்ச்சி மாணவி. நல்ல குரல்.

“அம்மா, ரொம்ப நல்லா வந்திருக்கு.”

நான் அடுப்பை அணைத்தேன். “என்ன வந்திருக்கு?”

“பாப்பாவுக்கு வலிப்பு நேரத்துல மூளையில ஒரு மின்னோட்டம் வரும்ல? அதே மாதிரி இந்தத் திசுவிலயும் பதிவாகுதும்மா.”

“அதுக்கும் வலிப்பு வருதா?”

“அப்படிச் சொல்ல முடியாதும்மா. வலிப்புன்னா உடம்பு வேணும். இது செல்கள்தான்.”

“அதுக்கு வலிக்குமா?”

“வலிய உணர வேண்டிய உறுப்பு எதுவும் இதுல இல்லை. உணர்வு இருக்கிறதா யாரும் காட்டல.”

“இல்லைன்னு காட்டியிருக்காங்களா?”

“அது கஷ்டம்மா” என்றாள்.

பொய் சொல்லாத பெண். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. என் மகளை உலுக்கிப் போடும் ஒன்று, வேறொரு இடத்தில் ‘நல்லா வந்திருக்கு’ என்ற அந்த வார்த்தையைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அவள் போன் செய்ததற்குக் காரணம் இதுதான். தட்டில் ரத்தவோட்டம் இல்லாததால் திசு ஓரளவுக்குமேல் வளராது. பிறந்து சில நாளே ஆன எலிக்குட்டியின் மூளைக்குள் வைத்தால் ரத்தம் கிடைத்து வளரும், மருந்து கொடுத்துப் பார்க்கலாம். பழைய ஒப்புதலில் இது கிடையாது என்பதால் புதிதாகக் கேட்கச் சொல்லியிருக்கிறது அவர்களுடைய நெறிமுறைக் குழு. மனிதக் கருவை இத்தனை நாள்தான் தட்டில் வைக்கலாம் என்று விதி இருக்கிறதாம். இதற்கு அப்படி ஒரு கணக்கு இன்னும் இல்லையாம். அந்தந்தக் குழு பார்த்து முடிவு செய்யும் என்றாள். குழுவில் யார் யார் என்று கேட்டேன். டாக்டர்கள், ஒரு வக்கீல், பொதுமக்கள் சார்பில் ஒருவர். அந்த ஒருவருக்கு இப்படிப் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள்.

சாயந்திரம் ஆபீஸ் விட்டு வந்த கணவரிடம் சொன்னேன். பிள்ளைக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்த மாமியாருக்கும் காதில் விழுந்தது.

“எலிக்கா? நம்ம பிள்ளைக்குன்னுல்லா சொன்னாவ.”

“எலிக்குத்தான். நம்ம பிள்ளைக்கு முந்தி எலி பேசிரும் போல” என்றார் என் கணவர்.

“ஏலே, சும்மா கெட” என்ற மாமியார் என் பக்கம் திரும்பினார். “அப்ப நமக்கு எப்பம்மா?”

“நமக்கு இல்லத்தை. எப்பவுமே நமக்கு இல்ல.”

மாமியார் அடுத்த வாயைப் பிசைந்தார். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி துணிக்கொடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டபோது நான் வாயைத் திறக்குமுன் அவரே சொல்லிவிட்டார். “அதுவும் வளரலயாம்.”

கணவர் கையெழுத்துப் போடச் சொல்கிறார். “ஏட்டி, நம்ம பிள்ளைக்கு இல்லன்னாலும் நாளைக்குப் பிறக்கப்போற ஒண்ணுக்கு மருந்து கிடைக்கும்லா” என்கிறார். அது நியாயம்தான். மறுத்தால் நான் சுயநலக்காரி ஆகிவிடுவேன். ஆனால் சொல்ல வாயில்லாததற்கு வலியும் இல்லை என்று என் மகளைப் பற்றியும்தான் சொன்னார்கள். அவள் பிழைத்தது, பார்த்துக்கொண்டே இருக்க ஒருத்தி இருந்ததால். எலிக்குள் போகப்போகும் அதை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? மிளகளவுச் சதையைப் பிள்ளையாக நினைப்பது பைத்தியக்காரத்தனம் என்றும் தோன்றுகிறது. தோன்றிய அடுத்த நிமிஷமே, அப்படித்தானே எல்லோரும் ஆரம்பித்தோம் என்றும் தோன்றுகிறது.

அவர்கள் அனுப்பியிருக்கும் புதிய தாளில் மூன்று கட்டங்கள்: சம்மதம், இப்போதைக்கு உறைநிலையில் வைக்கவும், அழித்துவிடவும். மூன்றாவதில் பேனா வைக்க எனக்குக் கை வரவில்லை. முதலாவதிலும் வரவில்லை. நடுவில் இருப்பது, முடிவெடுக்கத் தெரியாதவர்களுக்கு என்று போட்டதுபோல இருக்கிறது.

விரும்பினால் நேரில் வந்து நுண்ணோக்கியில் பார்க்கலாம் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். பார்த்தால் வெறும் சதை என்று மனம் தெளியலாம். இல்லை, வீட்டுக்குத் திரும்ப முடியாமலும் போகலாம். பேச முடியாத பிள்ளைக்காக இப்படி ஏதாவது ஒன்றில் கையெழுத்துப் போட்டவர்கள் இதை வாசித்தால் எனக்குச் சொல்லுங்கள். போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கவா, பார்க்காமலே எடுக்கவா? நீங்கள் என்ன செய்தீர்கள், பிற்பாடு உங்களுக்கு எப்படி இருந்தது?