திரேசா ரீச்சரின் கொரில்லாக்கள்

செய்தி கடைத் தொலைபேசிக்கு வந்தது. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் நான் வேலை செய்யும் பலசரக்குக் கடையில் வெங்காய மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். முதலாளி ரிசீவரைக் கையில் பிடித்தபடியே, "அக்கா, திரேசா ரீச்சர் போயிட்டாவாம்" என்றார். ஓம் என்று சொல்லிவிட்டு மூட்டையைப் பிரித்து முடித்தேன். சாவுச் செய்தி கேட்டுக் கேட்டு, இப்போதெல்லாம் கை தன் வேலையை நிறுத்துவதில்லை.

மன்னாரில் விலங்கியல் படிப்பித்தவர். இங்கே ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கினார். இந்த இதழை வாசிக்கும் உங்களில் பலர் அவரை ஞாயிறு பூசையிலோ, வில்லியே லே பெல் போகும் ரயிலிலோ கண்டிருப்பீர்கள். மடியில் ஒரு பிரெஞ்சுப் புத்தகமும் அகராதியும் இருக்கும். புத்தகம் மலைக் கொரில்லாக்களைப் பற்றியது. ஏன் கொரில்லா என்று ஒருமுறை கேட்டேன். "பேப்பரிலை ஊர்ப் புதினம் வாசிச்சால் நித்திரை வராது. இதை வாசிச்சாலும் வராது. ஆனால் இதிலை ஏதோ படிக்கலாம்" என்றார்.

நாங்கள் பெண்கள் சிலர் ஓர் அறையில் இருக்கிறோம். வேலை நேரம் ஆளுக்கொன்று என்பதால் பகலிலும் யாராவது நித்திரையில் இருப்பார்கள். கதவைத் தட்டினால் திடுக்கிட்டு எழுந்து சுவரோடு ஒதுங்குவார்கள். ஊரில் கதவைத் தட்டியவர்கள் ஆளைப் பிடித்துப்போக வந்தவர்கள். ரீச்சர் எங்களிடம் வந்தால் தட்டமாட்டார். வெளியே நின்று தொண்டைக்குள் தாழ்வாக, நீளமாக உறுமுவார். வயிறு நிறைந்த கொரில்லாக்கள் தமக்குள் எழுப்பும் சத்தம் அது. ஆராய்ச்சி செய்பவர்களும் கூட்டத்தை நெருங்கும்போது அப்படித்தான் குரல் கொடுப்பார்களாம். "நான்தான், பயப்பிடாதை எண்டு அர்த்தம்" என்று விளக்கினார். முதல் நாள் எல்லோரும் சிரித்தோம். பிறகு அந்தச் சத்தத்துக்கு நித்திரையில் இருப்பவர் ஒருவரும் கண் விழித்ததில்லை; விழித்திருப்பவர் போய்க் கதவைத் திறப்பார்.

மிருகக்காட்சிச்சாலைக்குப் போய்ப் பார்ப்போமா என்று நான் கேட்டபோது, அங்கே இருப்பவை தாழ்நிலக் கொரில்லாக்கள் என்றார். "மலையிலை இருக்கிறதைப் பிடிச்சு வளர்க்கேலாது. ஒரு குட்டியைப் பிடிக்கிறதெண்டால் குடும்பத்தையே கொல்லவேணும். முதுகு நரைச்ச பெரிய ஆண் கடைசிவரை மறிச்சு நிண்டு சாகும். பிறகு கொண்டுவந்த குட்டியும் சாகும். அதுக்கு அகதி வாழ்க்கை சரிவராது, பிள்ளை."

இதையெல்லாம் தமிழில் ஒரு கட்டுரையாக எழுதினார். அது நமது இதழில் வரவேண்டும் என்பதுதான் அவருக்கிருந்த ஒரே ஆசை. இதழை நடத்தும் பரமண்ணை தலைப்பைப் பார்த்துவிட்டு, "ரீச்சர், சனம் செத்துக்கொண்டிருக்கு. இதுக்குள்ளை குரங்கோ?" என்று கேட்டார். ரீச்சர் கோபிக்கவில்லை. "ஓம் பரம், இதுகளும் சாகுதுகள். மானுக்கு வைச்ச கண்ணியிலை கை மாட்டி, அழுகிச் சாகுதுகள். காட்டை வெட்டித் தோட்டம் போடினம். அந்தச் சனமும் பசியிலைதான் செய்யுது. ஒருத்தரோடையும் கோபிக்கேலாமல் கிடக்கு."

பரமண்ணை இடம் ஒதுக்கினார். நமது இதழ் என் கையெழுத்தில் எழுதி நகலெடுக்கப்படுவது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் கட்டுரைக்கான பக்கத்தைத் தொடும் நேரத்தில் ஊரிலிருந்து இறந்தவர்களின் பெயர்கள் வந்துவிடும். ரீச்சரே சொல்லிவிடுவார்: "முதல் செத்தவையின்ரை பேரை எழுது. என்ரை நிக்கட்டும்."

கடைசியாக மருத்துவமனையில், இந்தமுறை போடுவீர்களா என்று அவராகக் கேட்டார். ஓம் என்றேன். அந்த இதழிலும் இடம் வரவில்லை. போய்ச் சொன்னேன். "வராதெண்டு தெரியும்" என்று கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குக் கோபம் இருந்ததா, களைப்பு மட்டும்தானா என்று இன்னமும் யோசிக்கிறேன்.

அவரைப் பற்றி எழுத எனக்கு இரண்டு பக்கங்கள் தந்திருக்கிறார்கள். நேற்றும் பெயர்கள் வந்தன. அவற்றை அட்டையின் உட்புறத்தில் எழுதிவிட்டேன். இப்போது நானும் அறைக் கதவைத் தட்டுவதில்லை. வெளியே நின்று அவரைப் போல உறுமுகிறேன். உள்ளே நித்திரை கலைவதில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த உறுமல் மட்டுமே. எனக்கு இந்த ஒரு பக்கம் போதும். எதிர்ப்பக்கத்துக் கட்டுரையில் அவருடைய கொரில்லாக்கள் இருக்கின்றன.