மல்லிகாக்கா கொடுத்த ஈயம்

மல்லிகாக்கா போய்விட்டார்.

காலையில் அவர் மகன் போன் செய்தான். லேத் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி கேட்டேன்... பாவம், அவனை ரெண்டு தடவை சொல்ல வைத்துவிட்டேன்.

அரூர் பக்கத்து ஆட்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். தீர்த்தமலை ரோட்டில் பழைய இரும்புக் கடை. குவியலுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாரே, அவர்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு இரும்பு கடைய சின்னதாக ஒரு லேத் வைத்திருக்கிறேன். மோட்டார் ஷாப்ட், பம்பு புஷ்... இந்த மாதிரி வேலை. இதற்கு இரும்புச் சுத்தி மட்டும் போதாது. வழவழவென்று கடைந்த ஷாப்டை இரும்பால் தட்டினால் முனை விரிந்துவிடும், அப்புறம் பேரிங் ஏறாது.

அதனால் இரும்பைவிட மென்மையான ஒன்றால் தட்ட வேண்டும். பித்தளை, செம்பு, நைலான், ஈயம்... ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை.

"எதுக்குங்க இத்தன சுத்தி? வூட்ல ஒரு ஆணி அடிக்கணும்னா ஒண்ணும் ஆவ மாட்டேங்குது" என்பாள் என் வீட்டுக்காரி. அவள் சொல்வதும் சரிதான். செம்புச் சுத்தியால் ஆணி அடித்தால் சுத்தியில்தான் குழி விழும்.

அந்தச் சுத்திகளுக்கெல்லாம் தலை கிடைத்தது மல்லிகாக்கா கடையில்.

ஒருமுறை வெள்ளையாக ஒரு கட்டையைக் கொடுத்தார். "நைலான் தம்பி. ஒலக்கையால அடிச்சாலும் ஒண்ணும் ஆவாது."

கடைந்து, நடுவில் துளை போட்டு, வேப்பங்கம்பில் பிடி போட்டேன். முதல் அடியிலேயே ரெண்டாகப் போனது. துண்டுகளை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

"இதான் நைலானாக்கா?"

"நீ என்னா, மலைய ஒடைக்கப் போனியா?"

சொல்லிவிட்டு குவியலுக்குள் கைவிட்டு வேறொன்றை எடுத்தார். கத்தியால் சீவிப் பார்த்தார். அறுபடாமல் நீளமாகச் சுருண்டு வந்தது.

"இந்தா, இதான் நைலான். முன்ன குடுத்தது இதுக்குப் பங்காளி. பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஒத்தாசைக்கு ஆவாது."

ஈயச் சுத்தி என் ஆசை. ஈயம் துள்ளாது. வைஸ் இடுக்கியில், கடைய வேண்டிய ஜாபை உட்கார வைக்கத் தட்டினால், அடி விழுந்த இடத்திலேயே அமுங்கி நிற்கும். கார் வீலில் ஒட்டும் ஈய எடைக்கட்டிகளைச் சேர்த்து வைத்துக் கொடுத்தார் அக்கா. கூடவே பேச்சும் கொடுத்தார்.

"ஊத்தற டப்பாவ நல்லா காய வெச்சிக்க. ஈரம் இருந்தா மூஞ்சில தெறிக்கும். வெளிய வெச்சி உருக்கு, பொகைய மோந்துக்கினு நிக்காத. கைய கழுவாம சோத்துல வெக்காத."

பால்பவுடர் டப்பாவில் ஊற்றி, பிடிக்கு நடுவில் பைப்பு விட்டுச் செய்தேன். நன்றாகவே வந்தது.

அப்புறம் எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பொங்கல் வந்தது. கோயில் பக்கத்தில் என்பதால் என் வீட்டு வாசலில்தான் வெல்லம் உடைத்தார்கள். இரும்புச் சுத்தியில் தெறிக்கிறது என்று யாரோ ஷெட்டுக்குள் போய் ஈயச் சுத்தியை எடுத்துவிட்டார்கள். துள்ளாமல், சொன்ன இடத்தில் உடைகிறது... எல்லோருக்கும் ரொம்பப் பிடித்துப்போனது. நான் பந்தல் மேல் இருந்தேன், பார்க்கவில்லை.

சாமி கும்பிட வந்த மல்லிகாக்கா பார்த்துவிட்டார். பானையில் அரிசி வெந்துவிட்டது. வெல்லத் தாம்பாளத்தைக் கையில் தூக்கியாகிவிட்டது.

"போடாதீங்க! கீழ வையிங்க அத! ஈயத்துல ஒடச்சிருக்கீங்க!"

கோவிந்தம்மா எங்கள் ஊர்ப் பொங்கலுக்கு எப்போதும் பானை பிடிப்பவர். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமி காரியத்துல என்னாடி தடங்கல்? எங்க வூட்ல ஈயச் சொம்புலதான் தெனமும் ரசம். யாரு செத்தாங்க?"

"அது வெள்ளீயம் அத்த. இது காரீயம், வெசம். நான் குடுத்தது, எனக்குத் தெரியாதா? மொதல்ல புள்ளைங்க வயித்துக்குத்தான் போவும்."

"பொங்கல நிறுத்தி ஊருக்கு ஒண்ணு ஆச்சின்னா, நீ வந்து நிப்பியா?"

"நிக்கறேன்."

அக்கா, பூசாரியின் தோளில் இருந்த வெள்ளைத் துண்டை உருவி, ஒரு கட்டியை அதில் தேய்த்தார். வெல்லக் கறையோடு ஒரு சாம்பல் கோடும் விழுந்தது.

பூசாரி துண்டைப் பார்த்தார். தட்டோடு நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். "கொட்டிருங்க" என்றார்.

கொட்டியதோடு விடவில்லை அக்கா. ஆடு நக்கும் என்று என்னைக் குழி தோண்ட வைத்துப் புதைத்தார். புது வெல்லத்துக்கு மகனை அரூருக்கு விரட்டினார். வண்டி வரும் வரைக்கும் குழைந்த சோற்றை அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டு நின்றதும் அவர்தான். கோவிந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பொங்கல் ஆனது. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு மறுபடி தட்டை நீட்டினார்கள். கோவிந்தம்மாவே ஒரு இலையில் வைத்து எடுத்து வந்தார்.

"இந்தா, தின்னு. இவ்ளோ ரகள பண்ணிட்டு சும்மா போவாத."

"எனக்கு சுகரு அத்த..."

"அடிப்பாவி! திங்காத பொங்கலுக்கா இத்தன சண்ட போட்ட?"

அக்கா சிரித்துக்கொண்டே விரலால் துளி தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார்.

அந்த சுகர்தான் கடைசியில்... காலில் புண். ஆறவேயில்லை. சேலம் வரைக்கும் போய்ப் பார்த்தார்கள்.

மதியத்துக்கு மேல் எடுக்கிறார்கள். கோவிந்தம்மா விடிந்ததுமே ஆட்டோ பிடித்துப் போய், தலைமாட்டில் உட்கார்ந்தவர் எழுந்திரிக்கவே இல்லையாம். மகன் சொன்னான்.

நானும் கிளம்புகிறேன்.

போய்ட்டு வாங்கக்கா.