ரோட்டுக்கு நேராக எழுப்பிய சுவர்

எழுபதுகளின் நடுவில், கண்டனூர் பக்கம் ஒரு சின்ன ஊரில் நடந்தது இது. பழைய பள்ளிவாசல் இடம் போதாமல், புது மனையில் இரண்டு மினாரா, கான்கிரீட் தளம், வளைவு ஜன்னல் என்று நவீனமாக ஒன்று கட்டினார்கள். நான்தான் கொத்தனார். வயது முப்பது; தலைக்கனம் அதைவிடப் பெரிது.

அஸ்திவாரம் தோண்டுவதற்கு முதல் நாள், பாங்கு சொல்லும் மோதினார் முளை அடித்து நூல் கட்டிக் கொடுத்தார். ரோடு நேர் தெற்கு வடக்கு; நூல் அதற்குக் கோணலாகப் போனது. மேற்கே பார்த்துத்தானே தொழுகிறார்கள், இவருக்குத் திசை பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். அவர் போனதும் முளைகளைப் பிடுங்கி ரோட்டுக்கு நேராக அடித்துவிட்டேன். ஒரு வார்த்தை கேட்கலாமே என்று தோன்றவில்லை. கோணல் கட்டடம் கட்டினான் என்று ஊர் சிரிக்குமே என்ற கவலைதான் எனக்கு. என்னை நம்பி யாரும் மறுபடி அளக்கவுமில்லை.

தளம் போட்ட பிறகு, மலேயாவிலிருந்து வந்த ஒருவர் திசைகாட்டி வைத்துப் பார்த்தார். மக்கா இங்கிருந்து நேர் மேற்கு இல்லையாம்; வடக்கே கொஞ்சம் தள்ளி இருக்கிறதாம். ஜமாத்தைக் கூட்டினார்கள்.

“நூலு கட்டுனது நான்தான். கண்ணு மங்கிருச்சு போல” என்று மோதினார் தலைகுனிந்து நின்றார். பாங்கு சொல்ல வேறு ஆள் பார்க்கலாம் என்றுகூடச் சிலர் பேசினார்கள். நான் அங்கேதான் இருந்தேன். வாயே திறக்கவில்லை.

அது நோன்பு மாதம். சாயங்காலமானால் நோன்புக் கஞ்சி எந்த வீடு, என்ன சாதி என்று பாராமல் தூக்குவாளியில் ஊரெல்லாம் போகும். ஜமாத் கூடிய எட்டாம் நாள் மோதினாரே வேலையாட்கள் எங்களுக்குக் கஞ்சி கொண்டுவந்தார்.

“என்னால ஒங்களுக்கும் கெட்ட பேரு வந்துருச்சு கொத்தனாரே. மனசுல வச்சுக்கிறாதீக” என்றார்.

என் பங்குக் கஞ்சியைச் சித்தாளிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வந்தவர்கள் முன்னால் போய் நின்றேன். “முளையப் பிடுங்குனது நான்தாங்க. இடிச்சுட்டுக் கூலியில்லாமக் கட்டித் தாரேன்” என்றேன். ஒருவர் அடிக்கவே வந்தார். வந்தது நியாயம்தான்.

மோதினார்தான் குறுக்கே வந்தார். “இடிச்சா மழைக்கு முன்ன யாரும் உள்ள நிக்க முடியாது. சொவரு எப்புடியும் இருக்கட்டும், தரையில தொழுகை வரிசைக் கோட்டச் சரியாப் போடுங்க, போதும்” என்றார். என்னை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இன்றும் அங்கே சுவருக்குக் கோணலாகத்தான் வரிசை கட்டித் தொழுகிறார்கள். “இது நீங்க கட்டுனதாமே” என்று யாராவது புகழ்ந்தால் பேச்சை மாற்றிவிடுவேன். சுவர் தப்பாகப் போனதைக்கூட மனசு ஒருவழியாக ஏற்றுக்கொண்டுவிட்டது. என் தப்புக்கு அந்த மனிதர் என்னிடமே வந்து வருத்தம் சொல்லும்வரை எட்டு நாள் சும்மா இருந்தேனே, அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.