பழக வேண்டிய ஒலிபெருக்கி

என் மனைவியின் தம்பி கனடாவிலிருந்து கப்பலில் அனுப்பிய பெட்டியைத் திறந்தபோது, உள்ளே சோற்றுப்பானை மூடி அளவில் இரண்டு கறுப்பு வட்டங்கள் இருந்தன. காருக்குப் பூட்டும் சப்வூபர், ஆழ்ந்த சத்தத்துக்கான ஒலிபெருக்கி. நான் கேட்டது பிறெஷர் பார்க்கும் கருவி.

"அத்தான், உடனை சத்தத்தைக் கூட்டிப் போடாதேங்கோ," என்று தொலைபேசியில் சொன்னான். "புதுசு இறுக்கமா இருக்கும். முதல் இருபது முப்பது மணித்தியாலம் மெல்லமா ஓடவிட்டுப் பழக்கோணும். இல்லாட்டி கிழிஞ்சுபோம்."

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு நாட்டைவிட்டுப் போனவன், முதல் தடவையாக வரப்போகிறான் என்பதும் அதே அழைப்பில்தான் தெரிந்தது. போர் முடியட்டும், முடியட்டும் என்று இருந்து பார்த்து, அது முடிவதாயில்லை என்று புறப்படுகிறான். வரும் மாதம்.

"கார்லை ஏறினவுடனை போட்டுத்தான் கேப்பான்," என்றாள் மனைவி. "கிழிஞ்சு கிடந்தால் என்ன நினைப்பான்? எனக்கெண்டு ஆசையா அனுப்பினது."

அவளுக்கு அனுப்பியதாம். பழக்க வேண்டியது மட்டும் நான்.

கொழும்பில் கார்ச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் பூட்டுவித்தேன். மரப்பெட்டியும் சத்தத்தைப் பெருக்கும் அம்ப்பும் டிக்கியை முழுதாக விழுங்கிவிட்டன. சனிக்கிழமை பின்னேரம், வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்ஸின் கீழ்த்தளத்தில் காரை நிறுத்தி, கோயில் திருவிழாவில் பதிந்த தவில் சமாக் கச்சேரி ஒன்றைப் போட்டேன். ஆழமான சத்தத்துக்குத் தவிலின் இடப்பக்கத்தை விட்டால் வேறென்ன இருக்கிறது என்பது என் ரசனை. மெல்லமாகத்தான் வைத்தேன். ஆனால் அந்தச் சத்தத்துக்குக் காது தேவையில்லை, தூண் போதும். தூண் வழியே ஐந்து மாடியும் ஏறியிருக்கிறது. தவில்காரர் வேறு அடித்து, நிறுத்தி, யோசித்து, மறுபடி அடித்துக்கொண்டிருந்தார்.

கைத்தொலைபேசி ஒலித்தது. மனைவி.

"எங்கை நிக்கிறியள்? வெடிச் சத்தம் கேக்குது! பிளேன் வந்திட்டுதெண்டு ஆகாயத்துக்குச் சுடுகினமாம்!"

நான் தெருப்பக்கம் எட்டிப் பார்த்தேன். அவள் சொல்வது சரியாகக் கேட்கட்டும் என்று பாட்டை நிறுத்தினேன்.

"கீழைதான் நிக்கிறன். ஆர் சொன்னது?"

"கீழை நிக்காதேங்கோ, மேலை வாங்கோ! தெஹிவளைச் சித்தி போன் எடுத்துக் கேக்கிறா, வெள்ளவத்தையிலையோ எண்டு... இஞ்சேருங்கோ, இப்ப நிண்டிட்டுது."

நான் டிக்கியைப் பார்த்தேன்.

இதற்குள் முதல் மாடி ரியூஷன் வகுப்பிலிருந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தாய்மார் படியால் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். முன்னால் வந்தவர் ஹவுஸ்கோட்டும் ஒற்றைச் செருப்புமாக நின்று, என்னையும் திறந்த டிக்கியையும் மாறி மாறிப் பார்த்தார். விளங்கப்படுத்தலாம் என்று நான் மறுபடி ஒரு முறை போட்டுக் காட்டினேன். அது தவறு.

"உங்களுக்கு விசரே?" என்றார் அவர். "எனக்கு நெஞ்சு நிண்டு போச்சு!"

ஃபிளாட்ஸ் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற வங்கிக்காரர், சறத்தை மடித்துக் கட்டியபடி வந்தார்.

"ஐயா, கொழும்பிலை தமிழன் சத்தமில்லாமல் இருக்கிற காலம் இது. நீங்கள் சத்தத்தைப் பெட்டியிலை அடைச்சு வச்சிருக்கிறியள். இனி இஞ்சை வேண்டாம்."

நான் டிக்கியை மூடினேன். அவர் சொன்ன வசனம் எனக்கு வரவில்லையே என்ற எரிச்சல் மட்டும் இருந்தது.

அதன்பின் தெருவில் பழக்கினேன். கொட்டாஞ்சேனையில் வேலை. போகும் வழியெல்லாம் ஆமிக்காரரின் செக்பொயின்ற். ஒவ்வொன்றிலும் பாட்டை நிறுத்தி, கண்ணாடி இறக்கி, அடையாள அட்டை காட்டி, டிக்கி திறந்து, மூடி, மறுபடி மெல்லமாக ஆரம்பிக்க வேண்டும். ஒரு தவில் உருப்படி கொழும்புக் கோட்டை தாண்டுவதற்குள் நாலு துண்டாகிவிடும். ஒருநாள் ஒரு சிப்பாய் வயர்களைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கித் துவக்கைச் சரிசெய்தான்.

"மொக்கத மே?" இது என்ன என்கிறான்.

"சவுண்ட் செட், சேர்."

போட்டுக் காட்டு என்றான். போட்டேன். தவில் பிடிக்கவில்லை. தானே உள்ளே குனிந்து வானொலியில் ஒரு துள்ளல் பைலாப் பாட்டைப் பிடித்து, குமிழை முழுதாகத் திருகினான்.

"அலுத் எக்கக், சேர்! ஹெமின், ஹெமின்!" என்று கெஞ்சினேன். புதியது, மெல்ல மெல்ல. மரக்கறிக் கடைக்கு மட்டும் போதுமான என் சிங்களத்தில் அதற்கு மேல் விளக்கம் இல்லை. மண்மூட்டைக்குப் பின்னால் நின்ற இன்னொரு சிப்பாய் தலையாட்டத் தொடங்கினான். பாட்டு முடியும்வரை எனக்குப் பின்னால் நின்ற வாகனங்களும் கேட்டன.

"ஹொந்தய்," என்று மெச்சி, போகச் சொன்னான்.

கிழியவில்லை. முன்பைவிட நன்றாகவே இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. இத்தனை நாளும் பச்சைப்பிள்ளைபோல் ஏந்தித் திரிந்தது எதற்கு? ஆனாலும் விடவில்லை. அதிர்ந்த நம்பர் பிளேற்றுக்குப் பின்னால் றப்பர் வைத்தேன். வானொலிப் பாடகர் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்பது நிற்கும்வரை அம்ப்பின் திருகாணியைக் குறைத்தேன். விமானம் இறங்கிய அன்று அது அருமையாக இருந்தது. என் வாயால் சொல்வதால் நம்பலாம்.

சூட்கேஸ்களுக்கு டிக்கியில் இடமில்லை. ஒன்று கூரையில், ஒன்று பின் இருக்கையில், ஒன்று மனைவியின் மடியில். தம்பி முன்னால் ஏறியதும் கையை உரசிக்கொண்டு, "எங்கை அத்தான், பாப்பம்," என்றான். போட்டேன். இருக்கை முதுகில் தவில் விழ விழ அவன் வாய்விட்டுச் சிரித்தான். தானே கூட்டினான். சூட்கேஸுக்குப் பின்னாலிருந்து மனைவி, "எப்பிடியடா?" என்று கத்தினாள்.

விமான நிலையம் தாண்டி, சீதுவையில் செக்பொயின்ற். நான் குமிழுக்குக் கை நீட்டுமுன் அவன் கை அங்கே இருந்தது. நிறுத்திவிட்டான். கேட்குமுன்னே கனடாக் கடவுச்சீட்டை எடுத்துப் பிடித்திருந்தான். சிப்பாய் மேலோட்டமாகப் பார்த்து, போகச் சொன்னான்.

"இனிப் போடலாம்," என்றேன்.

"வேண்டாம் அத்தான்."

"ஏன்ரா, நல்லாயில்லையோ?" என்றாள் மனைவி.

"நல்லாயிருக்கு அக்கா. நல்லாத்தான் இருக்கு."

வத்தளை போனது, ஆற்றுப் பாலம் போனது. தெருவில் பேருந்துகள் தங்கள் பாட்டில் ஹோர்ண் அடித்துக்கொண்டு போயின. நான் குமிழைத் தொடவில்லை. வெள்ளவத்தையில் இறங்கும்வரை அவன் கடவுச்சீட்டைச் சட்டைப்பைக்குள் வைக்கவேயில்லை.