ஒத்திகை பார்த்த வாய்ப்பாடு

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். பயிற்சிக் கல்லூரி வாசலை மிதித்தவள் அல்ல. வகுப்பில் எது எடுபடுகிறதோ அதைப் பிடித்துக்கொள்வேன், அவ்வளவுதான். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு எழுதி எழுதியும் ஏறவில்லை. மண்டபத் தரையில் சுண்ணக்கட்டியால் கட்டங்கள் போட்டு, கட்டத்துக்கு ஒரு விடை எழுதினேன். நான் "ஏழு எட்டு" என்று கத்தினால், முறை வந்த பிள்ளை ஐம்பத்தாறில் போய்க் குதிக்க வேண்டும். தப்பாகக் குதித்தால் மற்றவர்கள் "ஐயோ, சுடுது சுடுது!" என்று அலறுவார்கள்.

கேண்டீன் அக்கா எட்டிப் பார்த்து, "டீச்சர், இது கணக்கு வகுப்பா, கோழிப் பண்ணையா லா?" என்றார். கோழிகள் பெருக்கக் கற்றுக்கொண்டிருந்தன என்பதுதான் விசேஷம்.

இந்தக் கூச்சல் கல்வி அலுவலகம்வரை கேட்டதோ என்னவோ, அதிகாரி ஒருவர் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. தலைமையாசிரியை முதல் வேலையாகப் பதாகை அடிக்கக் கொடுத்தார். இரண்டாவதாக என்னைக் கூப்பிட்டார்.

"விளையாட்டு நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா யாரு ஜெயிப்பாங்கன்னு தெரியாம எப்படி அதிகாரி முன்னால வைக்கிறது?"

எனவே ஒத்திகை. எந்தக் கேள்வி முதலில், யார் எந்தக் கட்டத்தில் குதிப்பது, எப்போது கைதட்டுவது எல்லாம் முடிவாயிற்று. ஒரு பெண் பிள்ளைக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. அம்மாவுக்குப் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை. இவள் கடைசி வரிசை. கேள்வி கேட்டால் கண்ணை மூடி, உதட்டை அசைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு வருவாள். விடை சரியாகத்தான் இருக்கும்.

"அவ யோசிக்கிறா டீச்சர்," என்றார் தலைமையாசிரியை. "பாக்க நல்லா இருக்காது."

நான் தலையாட்டினேன். தற்காலிக ஆசிரியையின் தலையை அப்படித்தான் பொருத்தி அனுப்புகிறார்கள். அவளுக்குப் புள்ளிப் பலகையைப் பிடிக்கும் வேலை கிடைத்தது. முழுப் புள்ளிகளும் முன்கூட்டியே எழுதப்பட்ட பலகை. ஒத்திகை நடந்த அத்தனை நாளும் அவள் கேட்டது ஒன்றுதான்: "டீச்சர், நான் எப்ப குதிக்கிறது?" ஒவ்வொரு முறையும் "பாக்கலாம்மா" என்று சொன்னேன். அந்த வார்த்தைக்கு இல்லை என்று அர்த்தம் என்பது எட்டு வயதிலேயே எல்லாருக்கும் தெரியும்.

அதிகாரி வந்தார். பதாகை முன் படம் எடுத்தோம். நான் கேள்வித்தாளை எடுக்கும்போது அவர், "நீங்க உக்காருங்க டீச்சர், நான் கேக்குறேன்," என்று எழுந்துவிட்டார்.

"ஆறு ஆறு!"

முதல் பையன் புன்னகையோடு ஓடி ஐம்பத்தாறில் குதித்தான். ஒத்திகையில் அதுதான் அவன் கட்டம். வகுப்பே கைதட்டியது.

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஐந்து ஒன்பது!" அடுத்த பிள்ளை ஐம்பத்து நான்கில் கம்பீரமாக இறங்கினாள். கைதட்டல். "மூன்று எட்டு!" இருபத்தெட்டு. பலத்த கைதட்டல். "சுடுது" என்று கத்தத் தெரிந்த ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. அது நிகழ்ச்சிநிரலில் இல்லை.

அதிகாரி முழுப் புள்ளிப் பலகையைப் பார்த்தார். பிறகு அதைப் பிடித்திருந்தவளை. "இந்தப் பிள்ளை விளையாடலையா?"

"அவளுக்குக் கால் வலி சார்," என்றார் தலைமையாசிரியை.

"எனக்குக் கால் வலி இல்ல," என்றாள் அவள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பலகையை வாங்கிக்கொண்டேன். "போ."

"ஆறு ஏழு!"

கண்ணை மூடினாள். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அமைதி தாங்காமல் தலைமையாசிரியை கைதட்டத் தொடங்கினார், பிள்ளைகளும் சேர்ந்தார்கள்.

"இருங்க, இன்னும் கூட்டல!" என்று அதட்டினாள். "ஆறஞ்சு முப்பது... அப்புறம் பன்னெண்டு..." நாற்பத்திரண்டில் குதித்தாள்.

அதிகாரி சிரித்தார். "எட்டு ஒன்பது!"

இந்தமுறை அறுபத்து மூன்றில் போய் விழுந்தாள். "சுடுது!" என்று ஒரு பையன் தன்னை மறந்து கத்திவிட்டான். அவள் குனிந்து எண்ணைப் பார்த்தாள். "ஆமா, ஒரு ஒம்பத விட்டுட்டேன்," என்று சொல்லி, நொண்டியடித்துக்கொண்டே எழுபத்திரண்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

தலைமையாசிரியை கறிபாப் பலகாரத் தட்டோடு வந்தார். "சார், டீ ஆறிடும், வாங்க."

"சார் இப்ப வர மாட்டாரு," என்றாள் அவள், கட்டத்தை விட்டு இறங்காமல். "நாலாம் வாய்ப்பாட்டுல என்கிட்ட இன்னும் ஒன்னுகூட கேக்கல."

அதிகாரி ஒரு கறிபாப்பை எடுத்துக் கடித்துக்கொண்டே, "நாலு ஏழு," என்றார்.