மிளகாய் பூசிய புத்தர்

காலை ஆறரைக்கு இராமேஸ்வரத்திலிருந்து கார் கிளம்பியது. பாம்பன் பாலத்தில் வண்டி நிறுத்தக் கூடாது என்ற பலகையில் சாய்ந்து நின்று நாலைந்து பேர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உடன் வந்தவர் தொல்லியல் அலுவலர் செல்வம். நான் வட்டாட்சியராக இருந்த நாளிலிருந்து பழக்கம். அபிராமம் பக்கம் ஒரு கிராமத்தில் புத்தர் சிலை இருப்பதாக யாரோ மனு போட்டிருந்தார்கள். மண்ணிலிருந்து எடுத்தது என்றால் அருங்காட்சியகம் போகும்; வழிபாட்டில் இருப்பது என்றால் அங்கேயே இருக்கும். செல்வம் பார்த்து எழுத வேண்டும்.

பரமக்குடியில் டீ பதினைந்து ரூபாய். பார்த்திபனூரில் திரும்பி, பத்து மணிக்கு ஊர் சேர்ந்தோம். கண்மாய்க் கரை வேப்பமரத்தடியில் மூன்றடிப் புத்தர், கண் மூடி அமர்ந்திருந்தார். முகமெல்லாம் சிவப்பு.

பூசை செய்யும் இருளாயி மிளகாய் விவசாயி. "மழைச்சாமிய்யா. ராமேசுவரத்துக்கு நடந்து போனவரு, இங்கன தண்ணி கேட்டிருக்காரு. ஊருல ஒருத்தரும் குடுக்கல. கோவிச்சுக்கிட்டுக் கண்ண மூடி ஒக்காந்துட்டாரு."

"கண்மாய் வெட்டுறப்பத் தோண்டி எடுத்ததுன்னுல்ல எங்கய்யா சொல்லுவாரு" என்றார் அவர் கணவர்.

சிலையை லாரியில் ஏற்ற அந்த ஒரு வாக்கியம் போதும்.

"ஒங்கய்யா மம்பட்டியக் கண்ணால பாத்திருக்காராக்கும்" என்று அவரை அடக்கிவிட்டு, இருளாயி செல்வத்திடம் திரும்பினார். "தூக்கிட்டுப் போயிருவீகளா? ஐப்பசி பொறந்தும் செடி காயுது. மழைக்கு நாங்க யாரப் போயிக் கேக்க?"

செல்வம் குனிந்தார். சிலையின் இமையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நெற்றி வியர்வையோடு கண்ணையும் துடைத்தார். மறுகணம் மரத்தைப் பிடித்துக்கொண்டு தாரை தாரையாக அழுதார்.

"குண்டு மிளகா அரைச்சுப் பூசிருக்கு. எரிச்சல் தாங்காமச் சாமி கண்ணத் தொறந்து அழுதா மழை வரும்" என்ற இருளாயி செம்பை நீட்டினார். "நீங்க முந்திக்கிட்டீக. கழுவுங்க."

இந்த முறை ஊர் தண்ணீர் கொடுத்துவிட்டது.

ஆசையை வென்றவரை மிளகாயால் மிரட்டுகிறார்கள். சிற்பி வடித்த சாந்தத்தை ஊர்க்கதை கோபமாக்கிவிட்டது. ஆனால் அந்தக் கோபத்துக்கு அஞ்சித்தான் இந்தக் கல்லை யாரும் துணி துவைக்க எடுத்துப் போகவில்லை. என் ஊர்க் கோயிலில் தலவரலாறு பளிங்கில் பொறித்திருக்கிறது. அதன் மேல் செருப்பு டோக்கன் தொங்குகிறது.

திரும்பும்போது பார்த்திபனூர் வரை செல்வம் ஈரக் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டே வந்தார். பிறகு, "வழிபாட்டில் உள்ளதுன்னு எழுதிடுறேன் சார். ஆதாரம் கேப்பாங்களே?" என்றார்.

"உங்க கண்ணைக் காட்டுங்க."

சிரித்தார். அப்போதும் இடது கண் சிவந்தே இருந்தது.