அமுதத்தின் வண்டிப்பாதை வழக்கு

பஸ் கரையாம்புத்தூர் எல்லையைத் தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டுக்காரியிடம் தன் வழக்கைப் பாதி சொல்லிவிடுவாள் அமுதம். முன்பின் பார்த்த முகமாக இருக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை. தன் கரும்புக் கொல்லைக்குப் போகும் வண்டிப்பாதையில் பங்காளி சாமிநாதன் முள்ளை வெட்டிப்போட்டு அடைத்த கதையை, மாடு மிரண்டது உட்பட நடித்தே காட்டுவாள். கடைசியில், "நீயே சொல்லு, நாயம் யாரு பக்கம்?" என்பாள். இறங்குகிற அவசரத்தில் எவள்தான் சாமிநாதனுக்குப் பரிந்து பேசுவாள்! அமுதத்துக்கு அன்றைய தீர்ப்பு கிடைத்துவிடும்.

மாஜிஸ்ட்ரேட் அதிகாரமுள்ள வருவாய்த்துறை அதிகாரியிடமும் இதே கதைதான் வென்றது. முள்ளை எடு என்று உத்தரவு போட்டவர், அது பொதுவழிதான் என்றும் சேர்த்து எழுதிவிட்டார். சாமிநாதன் சும்மா இருப்பானா? நிலம் தன் பட்டாவில் இருக்கிறதென்று மேல்கோர்ட்டுக்குப் போனான். "போவட்டும். எனக்கு வாயி இல்லியா இன்னா?" என்றாள் அமுதம். மேலே சாட்சியெல்லாம் விசாரிக்க மாட்டார்கள் என்று வக்கீல் சுவேதா படித்துப் படித்துச் சொன்னாள். காதில் விழுந்தால்தானே! அந்தப் பாதையில் வண்டி ஓட்டிய கிழவர்களுக்கெல்லாம் வெளுத்த வேட்டி கட்டவைத்து, புளிசோறும் கட்டிக்கொண்டு, வேன் பிடித்துப் புதுச்சேரியில் போய் இறங்கினாள்.

நீதிபதி கிழவர்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. நிலம் யாருடையது என்று தகராறு வந்த பிறகு அதை முடிவுசெய்ய மாஜிஸ்ட்ரேட்டுக்கு அதிகாரம் உண்டா என்று மட்டும் வக்கீல்களைக் கேட்டார். இல்லை என்று சொல்லி உத்தரவை ரத்து செய்தார். நிலம் யாருடையது என்று தானும் சொல்ல முடியாது, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்றார். அமுதம் எழுந்து வாயைத் திறப்பதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வராந்தாவில் நின்று பொருமித் தீர்த்தாள். தோற்றதைவிட, கதையை ஒருவரும் கேட்கவில்லையே என்றுதான் அவளுக்கு வயிறு எரிந்தது. சிவில் கோர்ட்டில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லலாம் என்றாள் சுவேதா.

"மொதல்ல இருந்தா?"

முகம் தெளிந்துவிட்டது. கிழவர்களைக் கூப்பிட்டுச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

ஆனால் கரும்பு வாய்தா கேட்குமா? ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்துவிட்டது. இனியும் நின்றால் காய்ந்து எடை போய்விடும். வருஷத்துப் பாடு வீண். சாமிநாதனோ பாதையில் மறுபடியும் முள்ளைப் போட்டிருந்தான். வெட்டு ஆட்களின் மேஸ்திரி பக்கிரி அரிவாளோடு வந்து, முள்ளை இழுத்துப் போட்டுவிட்டு டிராக்டரை விடலாம், யார் கேட்பது என்றான்.

"வாணாம்டா. நாளைக்கு கோர்ட்ல இதயும் நாந்தான சொல்லியாவணும்."

பக்கத்து வயல் அந்தோணிசாமியிடம் வரப்பில் நடக்கக் கேட்டுக்கொண்டு வந்தாள். முந்தானையைச் சும்மாடாகச் சுற்றி, வெட்டிக் கட்டிய முதல் கரும்புக் கட்டைத் தானே தலையில் ஏற்றிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள். வேடிக்கை பார்க்க வந்த சாமிநாதன் எதிரே, ஒற்றை ஆள் போகிற அந்த வரப்பில் நின்றிருந்தான். அமுதம் நடையைக் குறைக்கவில்லை.

"நவுரு சாமிநாதா."

சாமிநாதன் செருப்போடு சேற்றில் இறங்கி வழி விட்டான்.